காற்று வராத ஏசிக்கு அப்பீல்

அமரவிளை
7 ஜூலை 2025

அஞ்சு,

கவரைக் கிழித்துப் போடாதே. முதலில் வாசி, அப்புறம் கிழி.

வாட்ஸ்ஆப்பில் பிளாக் செய்தாய், சரி. இன்ஸ்டாவில் பிளாக், அதுவும் சரி. கடைசி வழியாக ஜிபேயில் ஒரு ரூபாய் அனுப்பி, கூடவே ‘அவசரம், கூப்பிடு’ என்று எழுதினேன். ரூபாயை வாங்கி வைத்துக்கொண்டு அங்கேயும் பிளாக் செய்துவிட்டாய்! உனக்கு மனசு என்று ஒன்று உண்டா? அதனால்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக தபால் ஆபீசுக்குப் போய் கவர் வாங்கினேன். அங்கே இருக்கிற சேச்சி, “ஏதா மோளே பரீட்ச?” என்று கேட்டாள். பரீட்சைதான் என்றேன். தமிழில் எழுதுவதும் யோசித்துத்தான். மலையாளம் என்றால் உன் ரூம்மேட் வாசித்துவிடுவாள்.

விஷயம் வீட்டுக்கரம். போன வாரம் பஞ்சாயத்தில் இருந்து எங்களுக்கு வரி டிமாண்ட் நோட்டீஸ் வந்தது. புதிதாகக் கணக்கெடுத்து, பழைய வருஷங்களுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். உங்கள் புது மாடி வீட்டுக்கு வந்ததை விட எங்கள் ஒற்றை நிலை வீட்டுக்குக் கூடுதல்! முதலில் அம்மையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “விஜயம்மைக்க வீட்டை விட நமக்காக்கும் கூடுதல்” என்று ஒரு நிமிஷம் சிரித்தாள். சத்தியம். பிறகுதான் தொகையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அதைக் கட்ட ஒரே ஒரு பணம்தான் வீட்டில் இருக்கிறது. நான் திருவனந்தபுரத்தில் அக்கவுண்டிங் கோர்ஸ் சேர அப்பா எடுத்து வைத்த பணம். ஆகஸ்டில் அட்மிஷன். புரிகிறதா? நீ காக்கநாட்டில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு காப்பி குடிக்கிற ஸ்டோரி போடுகிறாய், நான் வேறு அக்கவுண்டில் இருந்து அதைப் பார்க்கிறேன். (ஆமாம், பார்க்கிறேன். அதையும் பிளாக் செய்.)

சரி, நோட்டீசில் என்ன இருக்கிறது என்றால், எங்கள் வீட்டில் ஏசி இருக்கிறதாம்.

அஞ்சு, எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. உங்கள் அடுக்களையைப் பார்த்த மாதிரி எங்கள் பக்கச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்குகிறதே, அதற்குள் ஒன்றும் இல்லை. உங்கள் புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு முந்தின வாரம் அம்மை நெய்யாற்றின்கரையில் பழைய சாமான் கடையில் இருந்து வாங்கி வந்தாள். எலக்ட்ரீஷியன் அபிலாஷ் அண்ணன் மாட்டித் தந்தார். வயர் கிடையாது, குழாய் கிடையாது, வீட்டுக்குள்ளே அதன் ஜோடி கிடையாது. வெளியே மட்டும் ஏசி.

பஞ்சாயத்துக்காக டேட்டா எடுக்க இரண்டு பிள்ளைகள் போனோடு வந்தார்களே, அன்று நான் வீட்டில் இல்லை. “ஏசி உண்டோ ஆண்டி?” என்று அவர்கள் கேட்ட நேரம் விஜயம்மை பெரியம்மை, உன் அம்மைதான், மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டு நின்றாளாம். அம்மை என்ன சொல்வாள்? “உண்டு” என்றாள். மேலே தகர ஷீட் போட்டு விறகு அடுக்கியிருக்கிற இடத்தை “மாடி” என்றாள். வீடு கட்டி எத்தனை வருஷம் என்று கேட்டதற்கு, பழைய வீடு என்று சொல்ல வாய் வராமல், “இப்பத்தான் புதுக்கினோம்” என்றாள்.

நான் அப்பீல் எழுதிக் கொடுத்துவிட்டேன். தன்னந்தனியாக! ஓவர்சியர் பிஜி மேடம் இருபத்தி மூன்றாம் தேதி காலையில் நேரில் வந்து பார்த்து ரிப்போர்ட் கொடுப்பார். அதைப் பார்த்துத்தான் கமிட்டி குறைக்கும். பெரியம்மை அங்கே நின்றால் அம்மை திரும்பவும் “உண்டு” என்றுதான் சொல்வாள். எனக்கு நூறு சதவீதம் தெரியும்.

அதனால் அன்று ஒரு நாள் மட்டும் பெரியம்மையை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ. உன்னிடம் கேட்க எனக்கும் ஆசை இல்லை. ஆனால் பெரியம்மை வேறு யார் கூப்பிட்டாலும் இறங்க மாட்டாள்.

அனகா


காக்கநாடு
11 ஜூலை 2025

அனகாவுக்கு,

கடிதம் வந்தது. ஹாஸ்டல் வார்டன் கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, “கோர்ட்டில் இருந்தா?” என்று கேட்டுத் தந்தாள். நன்றி.

நான் சரியாகத்தான் வாசித்தேனா என்று பார்க்க இரண்டு தடவை வாசித்தேன். அந்தப் பெட்டிக்குள் ஒன்றும் இல்லை.

பால்காய்ச்சுக்கு இரண்டு நாள் முன்பு அம்மை எனக்கு போன் செய்தாள். வேலையில் சேர்ந்து முதல் சம்பளம்கூட முழுசாகக் கைக்கு வரவில்லை. “எட்டி, அவளுக்க வீட்டில ஏசி வச்சாச்சு. மாடி கெட்டி என்ன பிரயோஜனம், நம்ம வீட்டில ஃபேனாக்கும் கெடந்து சுத்துது. நாலு பேரு வாற வீடு” என்று அழுதாள். நான் தவணையில் ஏசி எடுத்தேன். இப்போதும் மாதாமாதம் என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அந்த ஏசியை அம்மை போடுவதில்லை. கரண்ட் பில் கூடுமாம். விருந்தாளி வந்தால் போடுவாள்.

நீ காப்பி ஸ்டோரி என்கிறாய். அந்தக் காப்பி ஆபீசில் சும்மா கிடைப்பது. சும்மா கிடைப்பதை மட்டும்தான் நான் குடிக்கிறேன், சித்தி பழைய சாமான் கடைக்குப் போன காரணத்தால்.

இனி உன் கமெண்ட். பால்காய்ச்சு வீடியோவை நான் ராத்திரி பகல் உட்கார்ந்து எடிட் செய்து போட்டேன். அதன் அடியில் நீ எழுதியது: ‘வீடு நல்லா கொள்ளாம். வண்டி எங்க நிக்கும்?’ அதற்கு எத்தனை லைக் விழுந்தது என்று உனக்கே தெரியும். எங்கள் வீட்டுக்கு ஒற்றையடி வழிதான். ரோடு உங்கள் முற்றத்தோடு நின்றுபோகிறது. தாத்தா சொத்தைப் பாகம் வைத்தபோது முன்பக்கம் உன் அப்பாவுக்கு விழுந்தது, பின்பக்கம் என் அப்பாவுக்கு விழுந்தது. அண்ணன் பின்னால், தம்பி முன்னால். இதை நான் செய்யவில்லை. அந்த வீட்டுக்கு சிமெண்டும் கம்பியும் எல்லாம் தலைச்சுமையாகத்தான் போயிற்று. நீ உன் வாசலில் நின்று பார்த்தாய்.

கமெண்டை எடு. பிறகு பேசலாம்.

இன்னொன்று. பெட்டி யாருடைய ஐடியா? சித்தியுடையதா, உன்னுடையதா? சித்திக்கு அவ்வளவு புத்தி போகாது.

அஞ்சு


அமரவிளை
15 ஜூலை 2025

அஞ்சு,

கமெண்டை எடுத்துவிட்டேன். ஸ்க்ரீன்ஷாட் அனுப்ப வழியில்லை, நீதான் எல்லா இடத்திலும் கதவைச் சாத்தி வைத்திருக்கிறாயே. வேறு யாரையாவது விட்டுப் பார்த்துக்கொள்.

ஐடியா அம்மையுடையது. கலர் என்னுடையது. பெட்டி துருப்பிடித்திருந்தது, நான்தான் ஸ்ப்ரே வாங்கி வெள்ளை அடித்தேன். போதுமா?

நீ உன் பக்கத்தைச் சொன்னாய், என் பக்கத்தையும் கேள். அந்த வீடியோவில் ட்ரோன் ஷாட் ஒன்று உண்டு. மேலே இருந்து தென்னை, மதில், உங்கள் வீடு. நம் இரண்டு வீடும் ஒட்டித்தானே இருக்கிறது? எங்கள் வீடு எங்கே போயிற்று? நீ அதை வெட்டி எடுத்திருந்தாய். சரியாக மதிலோடு வெட்டியிருந்தாய்! நான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எங்கள் கூரையின் ஒரு மூலைகூட இல்லை. சின்ன வயசில் நாம் சேர்ந்து எடிட்டிங் படித்தோம், ஒரே போனில், உன் விரல் தட்டினால் நான் திட்டுவேன், என் விரல் தட்டினால் நீ திட்டுவாய். அந்த வெட்டு எப்படிச் செய்ய வேண்டும் என்று உனக்குக் காட்டிக் கொடுத்ததே நான். வீடியோவைப் பார்த்த அன்றுதான் அந்தக் கமெண்டை எழுதினேன். பொறாமைதான். நல்ல முழுப் பொறாமை. உனக்கு வேலை கிடைத்தது என்று கேட்டபோது நான் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு இருந்தேன். எல்லாரும் குளிக்கிறேன் என்று நினைத்தார்கள்.

அது கிடக்கட்டும். அப்பீலைப் பற்றிச் சொல்கிறேன், எனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை! இதை நான் முழுக்க யூடியூபிலும் பிடிஎஃப்பிலும் படித்தேன். நோட்டீஸ் கைக்கு வந்தால் நாள் கணக்கு உண்டு, அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சும்மா ‘கரம் கூடுதல், ஏழைகள், இரங்குங்கள்’ என்று எழுதினால் தூக்கிப் போடுவார்கள். எந்த இடத்தில் தப்பு என்று காட்ட வேண்டும். நான் காட்டினேன். தகர ஷீட்டுக்குச் சுவர் கிடையாது, அது மாடி ஆகாது, பரப்பளவில் சேர்க்கக் கூடாது. வீடு பழையது, பழசுக்குக் கழிவு உண்டு, அதற்குச் சாட்சி தாத்தா பெயரில் உள்ள கரம் ரசீது. ஏசி கிடையாது. மேலே ஷீட்டை டேப் பிடித்து நானே அளந்து படமும் வரைந்தேன்.

பஞ்சாயத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது கவுண்டரில் இருந்த சார், “இது யாரு எழுதித் தந்தது, வக்கீலா?” என்று கேட்டார். நான் என்றேன். “எந்த காலேஜ்?” என்றார். காலேஜ் இல்லை சாரே, நெட் என்றேன். அப்போது உன்னை நினைத்தேன். நீ பார்த்திருக்க வேண்டும் என்று. உனக்குக் கொஞ்சம் எரிய வேண்டும் என்று.

ஒரே சிக்கல் அம்மை. “மேடம் வந்தா உள்ளதைச் சொல்லணும் கேட்டியா” என்றால், “விஜயம்மை மதிலுக்கு மேல தலை நீட்டி நிப்பா. அவ முன்னால பெட்டி சும்மாவாக்கும்ணு சொல்லதுக்கு நான் கரம் கெட்டிட்டுப் போறேன்” என்கிறாள். எனக்கு உள்ள பணத்தைக் கொடுத்துத்தான் கட்டுவாள், அதை நினைப்பதில்லை. நினைக்கிறாள், அழுகிறாள், ஆனாலும் அப்படித்தான் சொல்கிறாள்.

வருவாயா, மாட்டாயா? ஒரு வரி போதும்.

அனகா


காக்கநாடு
18 ஜூலை 2025

அனகாவுக்கு,

ட்ரோன் ஷாட்டை வெட்டியது உண்மை. உங்கள் முற்றமும் ரோடும் உள்ளே வந்தால், பார்க்கிறவர்கள் அதைத்தான் எங்கள் முற்றம் என்று நினைப்பார்கள். பிறகு நேரில் வந்து பின்னால் நடக்கும்போது எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் வெட்டினேன். உன்னை வெட்டவில்லை, ரோட்டை வெட்டினேன்.

ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் அம்மை உன் கதைதான் சொல்வாள். ‘அனகா இண்ணைக்கு ரேஷன் கடைக்காரனைக் கேள்வி கேட்டா. அனகா கரண்ட் ஆபீசில போய் மீட்டரை மாத்திட்டு வந்தா. நீ எட்டு மணிக்கூர் ஏசியில இருந்து என்ன செய்யுதே?’ உனக்கு எரிய என் வேலை. எனக்கு எரிய இது. கணக்கு சரியா என்று நீயே பார், அக்கவுண்டிங் படிக்கப் போகிறவள் நீ.

அப்பீலில் தாத்தா ரசீதை வைத்தது நல்ல புத்தி. எனக்குத் தோன்றியிருக்காது. இதை எழுத ஐந்து நிமிஷம் யோசித்தேன்.

லீவு போட்டுவிட்டேன். இருபத்தி இரண்டாம் தேதி ராத்திரி வண்டி. மறுநாள் காலையில் அம்மையைச் செங்கல் மகேஸ்வரம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆபீசில் எனக்கு ஒரு நேர்ச்சைக் கடன் தீர்க்க உண்டு என்று சொல்லியிருக்கிறேன், அம்மையிடமும் அதையே சொல்வேன். பதினொன்றுக்கு முன்னால் திரும்ப மாட்டோம். அதற்குள் முடித்துக்கொள்.

நான் வருவதால் நாம் சேர்ந்துவிட்டோம் என்று நினைக்காதே. மதிலுக்கு அருகில் வந்து கூப்பிடவும் வேண்டாம்.

அஞ்சு


அமரவிளை
2 ஆகஸ்ட் 2025

அஞ்சு!!!

ஜெயித்தாச்சு! ஆர்டர் நேற்று கைக்கு வந்தது. ஷீட்டைக் கழித்துவிட்டார்கள், வயசுக் கழிவு தந்துவிட்டார்கள், ஏசி என்ற வரியை அடித்துவிட்டார்கள். நானும் திங்கட்கிழமை கோர்சுக்குப் பணம் கட்டுகிறேன். நான் எழுதின அப்பீல்! நான்! ஆர்டரை பிரேம் போட்டு மாட்டலாமா என்று அப்பா கேட்டார். இந்த வீட்டில் ஒரு பெட்டி மாட்டினது போதும் என்றேன்.

நீங்கள் ஆட்டோ ஏறினதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பச்சை சுடிதார் உனக்கு நன்றாக இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் காலை எப்படிப் போயிற்று என்று கேள். பிஜி மேடம் ஸ்கூட்டரில் வந்தார். ஷீட்டைப் பார்த்தார், விறகைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். பெட்டிக்குக் கீழே வந்து நின்று, “இது ஓடுமா அம்மா?” என்றார். அம்மை மதிலைப் பார்த்தாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தாள்! நான் அவள் கையைப் பிடித்தேன். கடைசியில் அம்மை, “இல்ல மக்கா. இது பாக்கதுக்காக்கும்” என்றாள்.

“யாரு பாக்கதுக்கு?” என்று மேடம் கேட்டார்.

அம்மை பின்வீட்டைக் கைகாட்டினாள். மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எனக்க வீட்டிலயும் உண்டு அம்மா ஒரு நாத்தனாரு. நான் அவளுக்காக்கும் இந்த ஸ்கூட்டர் எடுத்தது” என்றார். பிறகு பெட்டியின் மூடியை அபிலாஷ் அண்ணனை விட்டுத் திறக்கச் சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டார். உள்ளே ஒரு குருவிக்கூடு. அவ்வளவுதான். “இதை எடுத்துப் போடுங்க, அடுத்த தடவை டேட்டா எடுக்க வாற பிள்ளேள் திரும்பவும் ஏசிண்ணு எழுதிருவாவ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் குதித்துக்கொண்டு திரும்பினால், அம்மை அப்படியே நிற்கிறாள். சந்தோஷமே இல்லை. “விஜயம்மைக்குத் தெரிஞ்சா நான் அவ முகத்தில எப்படி முழிப்பேன்” என்றாள். அன்று முதல் உங்கள் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை. ஆர்டர் வந்த பிறகும் திறக்கவில்லை. அடுக்களை முழுக்கப் புகை. பெட்டியை எடுக்கவும் விடமாட்டேன் என்கிறாள். எடுத்தால் எங்கே போயிற்று என்று பெரியம்மை கேட்பாளே!

அதனால் உண்மையைச் சொல்லு. கோயிலுக்குப் போகும்போது பெரியம்மை ஏதாவது கேட்டாளா? சந்தேகம் உண்டா? எதுவானாலும் எழுது. நான் அம்மையிடம் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்லிக்கொள்கிறேன்.

அனகா


(இந்தக் கடிதம் தபாலில் போகவில்லை.)

காக்கநாடு
6 ஆகஸ்ட் 2025

அனகா,

உண்மையைச் சொல்லு என்றாய், சொல்கிறேன்.

ஆட்டோ உதயன்குளங்கரை தாண்டவில்லை, அம்மை என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். “எட்டி, நேர்ச்சையும் மண்ணாங்கட்டியும். அவளுக்க பெட்டியைப் பாக்க இண்ணைக்கு ஆளு வருது, இல்லியா?”

அம்மையே சொன்னாள். “அதுக்குள்ள ஒண்ணும் இல்லேண்ணு வச்ச அண்ணைக்கே எனக்குத் தெரியும். சத்தம் உண்டா? ஒரு சொட்டு வெள்ளம் சொட்டுதா? ஏசிக்குள்ள குருவி போயி முட்டையிடுமா?”

“பிறகு எதுக்கும்மா என்னை ஏசி வாங்க வச்சே?”

“அவ இல்லாததை வச்சுக் காட்டினா. நான் உள்ளதை வச்சுக் காட்டண்டாமா?”

அதோடு நிற்கவில்லை. டேட்டா எடுக்க வந்த பிள்ளைகள் முதலில் பெட்டியைப் பார்க்கவே இல்லையாம். ஏசி என்ற கேள்வியே அவர்கள் கேட்டிருக்க மாட்டார்களாம். அம்மைதான் துணி காயப்போடுவது போல நின்று, சுவரைக் கைகாட்டி, ‘மேல பாருங்க’ என்று சைகை செய்திருக்கிறாள். “அவ என்ன சொல்லுவாண்ணு பாக்கதுக்காக்கும். இல்லேண்ணு சொல்லுவாண்ணு நெனச்சேன். உண்டுண்ணு சொல்லிட்டா. பாவி, கரம் வரும்ணு எனக்குத் தெரியுமா?” என்றாள். தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள்.

கோயிலில் சாமி கும்பிடாமல் தூணில் சாய்ந்து நின்றாள். “கல்யாணம் கழிஞ்சு வந்த நாள் முதல் அவளுக்க முற்றத்தில வண்டி வந்து நிக்கும். நான் அரிசிச் சாக்கைத் தலையில வச்சிட்டு அந்த வண்டியைச் சுத்தி நடப்பேன். அவ பாத்துட்டு நிப்பா” என்றாள். பிறகு, “கரம் குறைப்பாவளா?” என்று கேட்டாள். குறைப்பார்கள், அனகா நன்றாக எழுதியிருக்கிறாள் என்றேன். “எழுதுவா அவ” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “பெட்டியை எடுத்துப் போட்டிருவாளோ?” என்று கேட்டாள். அவளுக்கு அது வேண்டும், அனகா. தினமும் அடுக்களையில் இருந்து அதைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு அது வேண்டும்.

உன் கோர்ஸ் பணம் போகப் பார்த்தது என் அம்மையால்தான். இதை உன்னிடம் சொல்லாமல்


காக்கநாடு
7 ஆகஸ்ட் 2025

அனகாவுக்கு,

ஆர்டர் வந்தது கேட்டு சந்தோஷம். கொஞ்சம் எரிச்சலும் உண்டு. எங்கள் வீட்டு நோட்டீசை ஒருவரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, கேட்டதைக் கட்டிவிட்டோம்.

நீ கேட்டதற்குப் பதில். அம்மைக்கு ஒன்றும் தெரியாது. கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் உங்கள் ஏசி புராணம்தான். நல்ல கம்பெனியாக இருக்கும், அதுதான் சத்தமே கேட்பதில்லை, நம்முடையது கிடந்து கத்துகிறது என்று என்னைத் திட்டினாள்.

பெட்டியை எடுத்துவிடுங்கள். அதற்கும் வழி செய்துவிட்டேன். நேற்று அம்மைக்கு போன் செய்து, சித்தி பழைய ஏசியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வேறு பெரிய சாமான் எதற்கோ அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாளாம், என்னவென்று அனகா சொல்லவில்லை என்று சொன்னேன். “அவளுக்கென்ன, ரோட்டு மேல இருக்கா” என்று போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் ராத்திரி சாப்பிடவில்லை என்று அப்பா சொன்னார்.

இதைச் சித்தியிடம் அப்படியே சொல்லு. சாப்பிடவில்லை என்பதை விட்டுவிடாதே.

அஞ்சு